ரிமோட் டெஸ்க்டாப்: பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் அப்படியே நின்றுவிடுகிறது

கணக்குப்புத்தகம் | 18 ஆம் தேதி, இரவு 8:40

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வீடு கோபியில். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி வழி) போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் போய், அதிலிருக்கும் டேலி கணக்கு மென்பொருளில் வேலை செய்வேன். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

முந்தாநாளிலிருந்து உள்ளே போக முடியவில்லை. விபிஎன் இணைகிறது, பச்சை விளக்கு வருகிறது. ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுக்கிறேன். தப்பான பாஸ்வேர்டு கொடுத்தால் தப்பு என்று சொல்கிறது, அதனால் அது வரைக்கும் போய்ச் சேருகிறது என்று நினைக்கிறேன். சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் சின்னப் பெட்டியில் ஏதோ எழுத்து ஓடுகிறது, அப்புறம் முழுக் கறுப்பு. மேலே நீலப் பட்டை மட்டும் இருக்கிறது. பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

20 ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். இன்னும் பதினான்கு பேருடைய கணக்கு பாக்கி. நான் எதையும் மாற்றவில்லை. லேப்டாப் விண்டோஸ் 11 ஹோம், அலுவலகத்தில் விண்டோஸ் 11 ப்ரோ. யாராவது வழி சொல்லுங்கள்.

விரைவுவிடை | இரவு 8:52

அலுவலகக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் (செஷன் திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது) என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். விபிஎன் வேண்டாம், ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராகத் திறந்துவிட்டால் போதும். எனக்கு அப்படித்தான் ஓடுகிறது.

கேபிள்காரர் | இரவு 9:10

விரைவுவிடை, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இதை அவரைச் செய்ய விடாதீர்கள். நீங்களும் இன்றைக்கே மூடிவிடுங்கள். 3389 ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் சில மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ பாஸ்வேர்டு ஊகித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தது நினைவிருக்கிறதா? பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் சேவை வழியாக உள்ளே நுழையக்கூடிய ஓட்டை. ஆதரவு முடிந்து வருடக்கணக்கான எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று பாருங்கள். அப்போது ஓரளவாவது தடுப்பாக நின்றது நீங்கள் எடுக்கச் சொல்லும் அந்த டிக் தான். அவர் கம்ப்யூட்டரில் இருப்பது மற்றவர்களுடைய பான் எண், வங்கிக் கணக்கு, விற்பனை விவரம். அதை வைத்து சோதனை செய்யக்கூடாது.

கணக்குப்புத்தகம், உங்களிடம் மூன்று கேள்வி.

சின்னப் பெட்டியில் கடைசியாக என்ன எழுத்து வருகிறது? ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கட்டம். "செக்யூரிங் ரிமோட் கனெக்‌ஷன்" என்பதில் நின்றால் ஒரு காரணம், "கான்ஃபிகரிங் ரிமோட் செஷன்" என்பதில் நின்றால் வேறு காரணம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, விபிஎன் எந்த வகை?

மூன்றாவது, பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் கட்டளையில் அலுவலகக் கம்ப்யூட்டரின் முகவரியும் போர்ட் 3389 உம் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ வருகிறதா, ஃபால்ஸா?

ராத்திரிஷிஃப்ட் | இரவு 9:31

யூடிபியாக இருக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறையான ஆர்டிபி 8 இலிருந்து, அதாவது 2012 முதல், முதலில் டிசிபியில் (வந்து சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை) இணைந்துவிட்டு, படத்தை அனுப்ப யூடிபிக்கும் (சரிபார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை) ஒரு வழி போடப் பார்க்கும். நடுவில் இருக்கும் ஃபயர்வால் யூடிபியைப் பாதி விட்டுப் பாதி தடுத்தால் இணைப்பு இப்படி நடுவழியில் நிற்கும். எங்கள் இடத்தில் நிறைய முறை பார்த்திருக்கிறேன்.

ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி திரை இல்லை. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, டெர்மினல் சர்வீசஸ், கிளையண்ட் என்று போய், எஃப்கிளையண்ட்டிசேபிள்யூடிபி என்ற டிவேர்ட் மதிப்பை உருவாக்கி 1 என்று வையுங்கள். லேப்டாப்பை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

அப்டேட்டையும் சந்தேகப்படலாம். 2025 பிப்ரவரி பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் சர்வர் 2025 இல் ரிமோட் டெஸ்க்டாப் இணைந்த சிறிது நேரத்தில் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் உறைந்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு ஏப்ரலில் சரிசெய்தது. ஆனால் அது உள்ளே போன பிறகு வரும் உறைவு. உங்களுக்கு உள்ளேயே போகவில்லை.

கணக்குப்புத்தகம் | இரவு 10:15

போர்ட் சோதனையில் ட்ரூ. விபிஎன் வயர்கார்ட், அலுவலக ரௌட்டரில் இருக்கிறது. வீடியோ எடுத்துப் பார்த்தேன்: "செக்யூரிங்" வந்து போய்விடுகிறது, "கான்ஃபிகரிங் ரிமோட் செஷன்" வருகிறது, அதற்கப்புறம் கறுப்பு.

யூடிபியை நிறுத்தினேன், ரீஸ்டார்ட் செய்தேன். அதே கறுப்பு.

கேபிள்காரர் | இரவு 10:28

நல்லது, நிறையத் தெரிந்துவிட்டது. பாதுகாப்புச் சான்றிதழ், பாஸ்வேர்டு எல்லாம் தாண்டிவிட்டீர்கள். இதோடு 2018 மே அப்டேட்டுக்குப் பிறகு வந்த கிரெட்எஸ்எஸ்பி (பாஸ்வேர்டு விவரத்தை அந்தப் பக்கம் கொடுக்கும் முறை) பிரச்சினையும் கழிந்தது. அது இப்படி மௌனமாக நிற்காது, என்க்ரிப்ஷன் ஆரக்கிள் என்று நீளமாகப் பிழைச் செய்தி காட்டும்.

இனி அலுவலகக் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்று பார்க்க வேண்டும். நாளைக் காலை அங்கே யாராவது இருந்தால், ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போகச் சொல்லுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ஆர்டிபி கோர் டிஎஸ் என்ற இடத்தில் 131 என்று ஒரு பதிவு இருந்தால், டிசிபி இணைப்பு வந்து சேர்ந்தது என்று பொருள். டெர்மினல் சர்வீசஸ் ரிமோட் கனெக்‌ஷன் மேனேஜரில் 1149 இருந்தால் ஆள் யார் என்று ஏற்றுக்கொண்டது. டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜரில் 21 என்றால் புதிதாக லாகின் ஆனது, 25 என்றால் ஏற்கெனவே திறந்திருந்த செஷனில் மறுபடி சேர்ந்தது. எந்த எண் வரைக்கும் வந்து நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கே முயற்சி செய்யும் அதே நிமிடத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் மானிட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

யாழ்லினக்ஸ் | இரவு 11:02

இஞ்சை என்ர அலுவலகத்திலை உபுண்டு லினக்ஸ், அதிலை ரிமோட் டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்ஆர்டிபி. அதே கறுப்புத்திரை எனக்கும் வந்தது, ஆனால் காரணம் வேறை. அதே பயனர் பெயரிலை கணினியின் முன்னால் ஆள் ஒருவர் லாகின் செய்தபடி விட்டுப் போயிருந்தார். எக்ஸ்ஆர்டிபி அந்தத் திரையைப் பகிராது, புதிதாக ஒரு செஷன் தொடங்கப் பார்க்கும், டெஸ்க்டாப் சூழல் ஒரே பயனருக்கு இரண்டு தரம் எழும்பாது. அங்கை லாக்அவுட் செய்தவுடன் சரிவந்தது. லினக்ஸ் வைத்திருக்கிற ஆக்கள் முதலிலை இதைப் பாருங்கோ.

கணக்குப்புத்தகம் | 19 ஆம் தேதி, காலை 9:48

அலுவலகத்தில் தம்பி ஒருவரைப் போனில் வைத்துக்கொண்டு செய்தேன். அவர் என் மானிட்டரில் டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். நான் பாஸ்வேர்டு கொடுத்து எண்டர் அழுத்தினேன். இரண்டு வினாடியில் அவர், "அக்கா, டேலி மறைந்துவிட்டது, லாக் ஸ்க்ரீன் வந்துவிட்டது" என்றார். எனக்கு இங்கே கறுப்பு.

131 இருக்கிறது. 1149 இருக்கிறது. 25 உம் இருக்கிறது, என் பெயரிலேயே. மூன்று தடவை முயற்சி செய்தேன், மூன்றுக்கும் அப்படியே வரிசையாகப் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் நான் உள்ளே இருக்கிறேனா, இல்லையா?

கேபிள்காரர் | காலை 10:05

உள்ளேதான் இருக்கிறீர்கள். அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லுங்கள், அவர் பார்த்த லாக் ஸ்க்ரீன்தான் இந்த இழையிலேயே பெரிய துப்பு. அலுவலகக் கம்ப்யூட்டர் உங்களை ஏற்றுக்கொண்டு, அங்கிருந்த திரையைப் பூட்டி, உங்களுக்குப் படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அந்தப் படம்தான் உங்களிடம் வந்து சேரவில்லை.

இதுவரை போய் வந்ததையெல்லாம் நினைத்துப் பாருங்கள். போர்ட் சோதனை, பாஸ்வேர்டு, பெயர் விவரம். எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட், அதாவது தரவுத் துண்டு. டெஸ்க்டாப்பின் முதல் படம் வரும்போதுதான் பாக்கெட்டுகள் முழு அளவுக்கு நிரம்பி, ஒன்றன்பின் ஒன்றாக வரும். சின்னது எல்லாம் கடக்கிறது, பெரியது வழியில் விழுகிறது என்பதுதான் என் சந்தேகம். ஆலமரத்தடியில் ஸ்கூட்டர் போகிறது, வைக்கோல் லாரி போகவில்லை என்றால் சாலை மூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டோம், கிளை தாழ்ந்திருக்கிறது என்போம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். விபிஎன் போட்டிருக்கும்போதே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையில் அலுவலகக் கம்ப்யூட்டரின் உள் முகவரியைக் கொடுத்து, கூடவே மைனஸ் எஃப், மைனஸ் எல் 1392 என்று சேருங்கள். எஃப் என்றால் வழியில் யாரும் பாக்கெட்டை வெட்டக்கூடாது என்று பொருள். எல் என்பது அளவு. தலைப்புச் சுமை 28 பைட் தனி, ஆக மொத்தம் 1420. வயர்கார்ட் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு அதுதான். பதில் வரவில்லை என்றால் இருபது இருபதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், எந்த எண்ணில் பதில் வரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிங்கே அலுவலக ஃபயர்வாலில் அடைத்திருக்கலாம். அதனால் முதலில் அளவு எதுவும் கொடுக்காமல் சும்மா பிங் செய்து பதில் வருகிறதா என்று பாருங்கள்.

ராத்திரிஷிஃப்ட் | காலை 10:20

கேபிள்காரர் சொல்வது சரியாகப் படுகிறது. இருந்தாலும் இன்னொன்றையும் தள்ளிவிட்டுப் போகலாம். கறுப்புத் திரை இருக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் இங்கே உங்கள் லேப்டாப்புக்குத்தான் போகும், எண்ட் போட்டால்தான் அந்தப் பக்கம் போகும். அழுத்தியதும் படம் வந்துவிட்டால் நெட்வொர்க் காரணம் இல்லை, அங்கே டெஸ்க்டாப்போ டிஸ்ப்ளே டிரைவரோ சிக்கியிருக்கிறது. விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பில் சில பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களோடு இப்படிக் கறுப்பாக நின்றது பலருக்கு நினைவிருக்கும். அப்போது அலுவலகக் கம்ப்யூட்டரின் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு டபிள்யூடிடிஎம் என்ற புதிய வகை டிஸ்ப்ளே டிரைவரைப் பயன்படுத்தாதே என்று வைத்து ஓட்டினோம்.

கணக்குப்புத்தகம் | காலை 11:37

கண்ட்ரோல் ஆல்ட் எண்ட் அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை.

சும்மா பிங் செய்தால் நான்குக்கும் பதில் வருகிறது, 40 மில்லி செகண்டுக்குள். அப்புறம் அளவு கொடுத்துப் பார்த்தேன்.

1472: "பாக்கெட்டை வெட்ட வேண்டும், ஆனால் டிஎஃப் (வெட்டாதே என்ற குறி) வைத்திருக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி உடனே வந்தது.
1392: ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்.
1372: டைம்டு அவுட்.
1352: டைம்டு அவுட்.
1332: பதில் வந்தது, நான்குக்கும்.

நம்ப முடியாமல் 1333 கொடுத்தேன். டைம்டு அவுட். 1332 கொடுத்தால் வருகிறது. ஒரே ஒரு பைட்.

அண்ணா, இன்னொன்று சொல்ல வேண்டும். நான் எதையும் மாற்றவில்லை என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரில் மாற்றவில்லை, அதைத்தான் நினைத்து எழுதினேன். ஆனால் போன வியாழக்கிழமை வீட்டில் பழைய கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு, மாடியில் ஆண்டெனாப் பெட்டி வைக்கும் 5ஜி இணைப்புக்கு மாறினோம். யூடியூப், மெயில், ஜிஎஸ்டி தளம் எல்லாம் முன்னைவிட வேகமாகத் திறந்ததால் அதைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. வெள்ளி, சனி, திங்கள் அலுவலகத்துக்கே போயிருந்தேன். செவ்வாய்தான் வீட்டிலிருந்து முதல் முயற்சி.

கேபிள்காரர் | காலை 11:55

அதுதான். மற்ற தளங்கள் வேகமாகத் திறந்ததற்குக் காரணம், அவை விபிஎன் வழியாகப் போகவில்லை.

என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு வேறு இடத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும். இணைய வழியில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை எம்டியு என்பார்கள். சாதாரண ஈதர்நெட்டில் 1500. வீட்டு பிராட்பேண்டில் பிபிபிஓஇ லாகின் இருந்தால் 8 பைட் போய் 1492. வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓர் உறையில் போட்டு அனுப்புகிறது, அந்த உறைக்கு ஐபிவி4 இல் 60 பைட், ஐபிவி6 இல் 80 பைட். 1500 இலிருந்து 80 ஐக் கழித்துத்தான் 1420 என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் பழைய இணைப்பில் அது சரியாகப் பொருந்தியது. புதிய வழியில் எங்கோ இன்னொரு சுற்று உறை போடுகிறார்கள், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1332 உம் 28 உம் சேர்ந்து 1360 தான்.

நீங்கள் பார்த்த இரண்டு விதமான பதிலையும் கவனியுங்கள். 1472 க்கு உடனே மறுப்பு வந்தது, ஏனென்றால் உங்கள் லேப்டாப்பே "இது பெரிது" என்று சொல்லிவிட்டது. 1333 முதல் 1392 வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாக்கெட் காணாமல் போனது. முறைப்படி வழியில் இருக்கும் ரௌட்டர் "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். விபிஎன் உறைக்குள் அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் அலுவலகக் கம்ப்யூட்டர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது சரிசெய்வது. வயர்கார்ட் செயலியில் டன்னலைத் தேர்ந்தெடுத்து எடிட் போடுங்கள். இன்டர்ஃபேஸ் என்ற பகுதியில், முகவரி வரிக்குக் கீழே புதிய வரியாக எம்டியு சமம் 1340 என்று எழுதுங்கள். 1360 இல் சரியாக நிறுத்தாமல் கொஞ்சம் இடம் விடுவது நல்லது. சேமித்து, டன்னலை நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

அலுவலக ரௌட்டரைத் தொட வேண்டியதில்லை. டிசிபி இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே உங்கள் லேப்டாப் "எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவுதான் அனுப்பு" என்று எம்எஸ்எஸ் என்ற எண்ணைச் சொல்லிவிடும். எம்டியு 1340 என்றால் அது 1300. அலுவலகக் கம்ப்யூட்டர் அதற்கு மேல் நிரப்பாது.

கணக்குப்புத்தகம் | மதியம் 12:21

வந்துவிட்டது!

எண்டர் அழுத்தினேன், "கான்ஃபிகரிங்" வந்தது, கறுப்பு வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வினாடிக்குள் டாஸ்க்பார் தெரிந்தது, அப்புறம் வால்பேப்பர், அப்புறம் தம்பி திறந்து வைத்த டேலி, அவர் விட்ட இடத்திலேயே. கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

கேபிள்காரர் அண்ணா, ராத்திரிஷிஃப்ட், இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. யூடிபியை நிறுத்தி வைத்ததைத் திரும்பப் போட வேண்டுமா?

ராத்திரிஷிஃப்ட் | மதியம் 12:40

மிகவும் சந்தோஷம். அந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பை அழித்துவிடுங்கள், தேவையில்லாமல் இருக்க வேண்டாம். வழி நன்றாக இருந்தால் யூடிபியில் திரை இன்னும் தடங்கலில்லாமல் வரும். ஆனால் இன்றைக்குத் தொடாதீர்கள். 3பி முடிந்து, 21 ஆம் தேதி காலையில் செய்யுங்கள், அப்போது ஏதாவது ஆனாலும் எதனால் என்று தெரியும்.

பல்லடம்மில் | 19 ஆம் தேதி, மாலை 6:15

இதே பிரச்சினை என்று நினைத்து எம்டியு 1280 வரை குறைத்துப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. எனக்குக் கறுப்பு இல்லை, நீலத் திரையில் "ப்ளீஸ் வெயிட்" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான்கைந்து நிமிடம் கழித்து உள்ளே விடுகிறது. விபிஎன் இல்லை, ஒரே கட்டடத்துக்குள், கீழ்த் தளத்திலிருந்து மேல் தளம்.

கேபிள்காரர் | மாலை 6:44

உங்களுக்கு படம் வருகிறது, சக்கரம் சுற்றுகிறது. அப்படியானால் பாக்கெட் அளவு இல்லை. எம்டியுவைப் பழையபடி வைத்துவிடுங்கள். லாகின் நடக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் எதற்காகவோ காத்திருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஷோ ஆப்ஷன்ஸ் போட்டு, லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் பிரிண்டர், டிரைவ் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு ஒரு தடவை இணையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது இல்லாத நெட்வொர்க் டிரைவ் ஏதாவது சிவப்புப் பெருக்கல் குறியோடு இருக்கிறதா?

பல்லடம்மில் | மாலை 7:30

இருந்தது. பழைய சர்வரின் இசட் டிரைவ், அந்த சர்வரைக் கழற்றி ஆறு மாதம் ஆகிறது. டிரைவ் டிக்கை மட்டும் எடுத்தேன், பத்து வினாடியில் உள்ளே போய்விட்டது. அப்புறம் இசட் டிரைவை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு டிக்கைத் திரும்பப் போட்டேன், இப்போதும் பத்து வினாடிதான். பிரிண்டரைத் தொடவில்லை.

கணக்குப்புத்தகம் | 20 ஆம் தேதி, மாலை 5:02

பதினான்கும் தாக்கல் ஆகிவிட்டது. அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி ஆண்டெனாப் பெட்டிக்கு மாறப்போகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் முதலில் பிங் செய்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.